பெயர் நீக்கப்பட்ட மாணவன்



தேர்வில் வெற்றி பெறுவது எப்படி என்று பேசுவோர் நம் நாட்டில் பலர் உளர். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நானும் ஆண்டுதோறும் அவ்வாறு பேசியிருக்கிறேன். இன்று அதைப் பேசப் போவதில்லை. ஒருவன் படித்துவரும் கல்லூரி, ‘இனி உனக்கு இங்கே இடம் இல்லை’ என்று எழுத்தில் கொடுத்து அனுப்பிவிடுகிறது. மறுநாள் காலையில் அவன் என்ன செய்வான்? அதைப் பற்றியே பேச விரும்புகிறேன். மருத்துவக் கல்லூரியிலிருந்து அவ்வாறு அனுப்பப்பட்ட ஒரு மாணவனை நான் அறிவேன். அவன் என் பள்ளியில் பயின்றவன். அவனுடைய இசைவைப் பெற்றே இதைச் சொல்கிறேன். அவன் பெயரையும், அவன் பயின்ற கல்லூரியின் பெயரையும் சொல்ல மாட்டேன்.

முதலில் விதி என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எம்.பி.பி.எஸ். படிப்பின் முதலாண்டில் மூன்று பாடங்கள் உண்டு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்பன அவை. இந்த முதலாண்டுத் தேர்வை எழுத ஒருவருக்கு 4 வாய்ப்புகளே உண்டு. நான்கிலும் தேறாதவர் அப்படிப்பைத் தொடர இயலாது. தேசிய மருத்துவ ஆணையம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிமுறைகளில் இது உள்ளது. 2019இல் வந்த விதியிலும் 4 வாய்ப்புகளே. படிப்பு முழுவதையும் சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும் என்பதும் 2023ஆம் ஆண்டு விதி.

இவ்விதியைக் கொடியது என்று நான் சொல்ல மாட்டேன். நாளை என் வயிற்றில் கத்தி வைக்கப் போகிறவருக்கு, எந்த இரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் விதி நியாயமானது என்பதனால், அதில் அடிபட்டவனுக்கு வலி குறைந்துவிடுவதில்லை. நியாயமான விதியால் அடிபட்டவனுக்குப் பழி சொல்லக்கூட வேறொருவர் கிடைப்பதில்லை, தன்னையே பழித்துக்கொள்கிறான்.

2020ஆம் ஆண்டில், அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கித் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்த முதல் ஆண்டிலேயே எங்கள் பள்ளியிலிருந்து ஒருவனுக்கு இடம் கிடைத்தது. தந்தையார் கொத்தனார். தாயார் வீட்டில் தையல் இயந்திரம் வைத்து இரவிக்கை தைப்பவர். ஊரே மகிழ்ந்தது. பேருந்து நிறுத்தத்தில் பன்னிரண்டு அடியில் ஒரு பிளெக்ஸ் பதாகை கட்டினோம். ‘எங்கள் ஊரின் முதல் மருத்துவர்’ என்று அதில் எழுதச் சொன்னவன் நான்தான். எங்கிருந்தோ ஒரு வெள்ளை அங்கியைக் கொண்டுவந்து அவனுக்கு அணிவித்துப் படமும் எடுத்தோம். அவன் அப்போது கல்லூரி வாயிலைக்கூடப் பார்த்ததில்லை. வாக்கியப் பிழையும் பொருட்பிழையும் திருத்தியே ஆயுளைக் கழித்த எனக்கு, அந்த நான்கு சொற்களில் இருந்த பிழை தெரியவில்லை.

அவன் எங்களிடம் தமிழில் பயின்றவன். உயிரியலில் எப்போதும் முதல் மதிப்பெண். ஆனால் அங்கே பாடநூல் ஆங்கிலம். எலும்புகளின் பெயர்களோ இலத்தீன். கொரோனாக் காலமாதலால் சில மாதங்கள் வகுப்புகள் கைப்பேசி வழியே நடந்தன. வாக்கியத்தின் எழுவாய் எது, பயனிலை எது என்று பிரித்தறிவதற்குள் ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுவாராம். இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூறு நூலையும் அறுவை மருத்துவ நூலையும் தமிழாக்கி அச்சிட்டார். அவ்வழி தொடர்ந்திருந்தால் என் மாணவன் தேறியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அவனைப்போலவே தமிழில் பயின்று சென்றவர்கள் பலர் தேறியிருக்கிறார்கள். ஆயினும் அதை நினைத்துப் பெருமூச்சு விடாமல் இருக்க முடிவதில்லை.

முதல் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறினான். ஊரில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? பேருந்தை விட்டு இறங்கும்போதெல்லாம் அவனுடைய படமே மேலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே! அடுத்த தேர்வில் உயிர்வேதியியல் தேறினான், உடற்கூறியல் நின்றுவிட்டது. மூன்றாம் முறையும் அப்படியே. நான்காம் முறை எழுத்துத் தேர்வில் சில மதிப்பெண்கள் குறைந்தன. 2024ஆம் ஆண்டில் அவனை விடுவித்து ஆணை வந்தது. ஒரே ஒரு தாள்.

அதன்பின் ஐந்து மாதம் அவன் வீட்டுக்குப் போகவில்லை. அதே நகரத்தில் ஒரு மொத்த விலை மருந்துக்கடையில் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தான். மகன் நான்காம் ஆண்டு படிக்கிறான் என்று பெற்றோர் எண்ணியிருந்தனர். ஞாயிறுதோறும் தாயாருடன் பேசுவான். அண்டை வீட்டார் தங்கள் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அவனுடைய கைப்பேசிக்கு அனுப்பி, ‘இந்த மாத்திரை எதற்கு, தம்பி?’ என்று கேட்பார்கள். ‘எழுதிக் கொடுத்த மருத்துவரையே கேளுங்கள்’ என்று ஒவ்வொருவருக்கும் விடை எழுதுவானாம். பொய்க்குள் வாழ்ந்த அந்த ஐந்து மாதத்திலும் இந்த ஒன்றில் அவன் நேர்மையாக இருந்தான். அதை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஐப்பசி மாதத்து இரவு ஒன்றில், மழையில் நனைந்தபடி என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். ஆணையை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து மடியில் செருகியிருந்தான். படித்தேன். படித்தவுடன் நான் செய்தது தவறு. ‘முதல் முறை தவறியபோதே ஏன் என்னிடம் சொல்லவில்லை?’ என்று குரலை உயர்த்தினேன். முப்பதாண்டு வகுப்பறைப் பழக்கம் அது. என் மனைவியார் உள்ளிருந்து வந்து, “முதலில் தலையைத் துவட்டட்டும். சாப்பிட்டானா என்று கேட்டீர்களா?” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். ‘ஏன் முன்பே சொல்லவில்லை’ என்னும் கேள்விக்கு எக்காலத்திலும் பயனுள்ள விடை கிடைப்பதில்லை. சொல்லியிருக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் ஐந்து மாதம் உறங்கவில்லை.

உண்ட பிறகு திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அன்று மாலை அவன் நேரே என் வீட்டுக்கு வரவில்லை என்று அவன் பேச்சிலிருந்து தெரிந்தது. நான் நேராகவே கேட்டேன்: “தம்பி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா?” நெடுநேரம் கழித்து, “வந்தது, ஐயா” என்றான். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததாகாதா என்று சிலர் அஞ்சுவர். நானும் அப்படி எண்ணியிருந்தவன்தான். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு இதை எவரும் கற்பிக்கவில்லை. ஆனால் கேட்பதனால் தீங்கில்லை, கேட்க வேண்டும் என்றுதான் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்டதும் அவன் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கினாற்போல் இருந்தது. அன்றிரவு அவனைத் தனியே படுக்க விடவில்லை. மறுநாள் காலை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். தமிழ்நாட்டில் 104 என்னும் தொலைபேசி எண்ணிலும், நாடு முழுவதற்கும் உரிய 14416 என்னும் எண்ணிலும் இத்தகைய வேளைகளில் பேசலாம். இவ்விரு எண்களையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றாலும் உங்கள் அறைத் தோழருக்கு வேண்டியிருக்கலாம்.

அடுத்து, வீட்டில் சொல்ல வேண்டும். ‘நீங்களே சொல்லிவிடுங்கள், ஐயா’ என்றான். மறுத்துவிட்டேன். உடன் வருகிறேன், ஆனால் நீதான் சொல்ல வேண்டும் என்றேன். மூன்று வாக்கியம் போதும் என்று சொல்லி, அவற்றை இருவருமாக ஒத்திகை பார்த்தோம். ‘நான்கு முறையும் தேறவில்லை. கல்லூரியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். ஐந்து மாதமாக உங்களிடம் பொய் சொன்னேன்.’ காரணங்களை அப்போது சொல்லத் தொடங்கினால் அவை சாக்குகளாகவே கேட்கும். அவற்றுக்குப் பிறகு நேரம் உண்டு. அவன் அப்படியே சொன்னான். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து கொல்லைக்குப் போய், காலையிலேயே கழுவி வைத்த கரணையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். தாயார், “ஐந்து மாதம் எங்கே சாப்பிட்டாய்?” என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. தந்தையார் அவனுடன் பேச மூன்று நாள் ஆயிற்று. அப்போதும், “அங்கே ஏதாவது பாக்கி இருக்கிறதா?” என்பதுதான் கேள்வி. பாக்கி இல்லை, அவ்விட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. வங்கிக் கடன் வாங்கிப் படித்தவர்களாயின், படிப்பு நின்றதை வங்கிக்குச் சென்று உடனே எழுத்தில் தெரிவித்து, தவணை பற்றிப் பேசிவிடுவது நல்லது. ஒளிந்துகொண்டால் வட்டி மட்டும் ஒளிந்துகொள்ளாது.

பிறகு கல்லூரி அலுவலகத்துக்கு இருவரும் சென்றோம். இப்படிப்பட்ட நிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் அந்த வாயிலை மிதிக்கவே கூசுவர். ஆனால் 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களின் மூலப்படிகள் அங்கே இருக்கின்றன. சாதிச் சான்றிதழும் அங்கேதான். மாற்றுச் சான்றிதழ் இன்றி வேறெங்கும் சேர இயலாது. ஆணையையும் ஒரு முறைக்கு இருமுறை படிக்க வேண்டும். எந்த விதியின்கீழ் விடுவித்தார்கள், எந்தெந்தத் தேர்வைக் கணக்கில் கொண்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கணக்கில் பிழை இருந்தாலோ, கடும் நோய் முதலிய காரணம் இருந்து அதற்குச் சான்று இருந்தாலோ, கல்லூரி முதல்வருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் காலம் தாழ்த்தாமல் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் தேர்வு நுழைவுச் சீட்டுகளை வரிசையாக அடுக்கி ஒப்பிட்டோம். நான்கும் நான்குதான். பிழை இல்லை. வழக்குத் தொடுத்துப் பார்க்கலாம் என்று உறவினர் ஒருவர் தூண்டினார். ஆணை சரியாக இருக்கும்போது நீதிமன்றத்தில் நிற்பது, கதவு மூடிய கடையின்முன் கூடையோடு காத்திருப்பதற்கு ஒப்பாகும் என்று நான் சொன்னேன். அவனும் ஒப்புக்கொண்டான். அலுவலகத்து எழுத்தர் ஒருவர், கேட்காமலேயே ஒவ்வொரு தாளிலும் இரண்டிரண்டு படிகள் எடுத்துக் கொடுத்தார்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். அவன் மாமன் முறையினர் ஒருவர் சீனிவாச இராமானுசன் கதையைச் சொன்னார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், அவரைத் தடுக்கிவிழச் செய்த பாடங்களுள் உடலியங்கியலும் ஒன்று. எல்லாம் உண்மையே. ஆனால் இராமானுசனுக்குக் கையில் கணிதம் இருந்தது. மற்றவர்களுக்கு? நான் மட்டும் சும்மா இருந்தேனா? நானும் ரொனால்டு ராஸ் என்பாரைப் பற்றிச் சொன்னேன். எழுத்தாளராகவும் ஓவியராகவும் விரும்பியவரைத் தந்தையார் மருத்துவத்துக்கு அனுப்பினார். இலண்டனில் மருந்தியலாளர் கழகத் தேர்வில் முதல்முறை தவறி, கப்பல் மருத்துவராக வேலை பார்த்து, 1881இல் தேறி இந்தியா வந்தார். சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வளவும் கேட்டுவிட்டு அவன் மெல்லச் சொன்னான்: “அவருக்கு மறுபடி எழுத வாய்ப்பு இருந்தது, ஐயா. எனக்கு இல்லையே.” நான் என்ன சொல்வேன்? காய்ச்சல்காரனுக்கு விருந்துச் சோறு பரிமாறியிருந்தேன். பெரியோர் தோல்விகளெல்லாம், வென்ற பிறகு பின்னோக்கிப் பார்த்துச் சொல்லப்படுகிற கதைகள். அடிபட்டவனுக்கு அவை அப்போதைக்குச் செரிப்பதில்லை.

அதன்பின் ஆறுதலை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த தொழிலையே செய்தேன். அவனுடைய குறிப்பேடுகளை வாங்கி, விடைத்தாள் திருத்துவதுபோல் படித்தேன். படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தன. ஆனால் கீழே எழுதியிருந்த ஆங்கிலமெல்லாம் நூலிலிருந்து அப்படியே எடுத்த நீண்ட வாக்கியங்கள். ஒன்றையேனும் தன் சொல்லில் எழுதவில்லை. பொருள் விளங்கினாலும் சொல்ல வராது என்ற அச்சத்தால் மனப்பாடம் செய்திருக்கிறான். வாய்மொழித் தேர்வில் ஒரு சொல் மறந்தால் முழு வாக்கியமும் மறந்துவிடும். ஆசிரியரிடம் கேட்டிருக்கலாம், ‘ஊரின் முதல் மருத்துவர்’ எப்படிக் கேட்பார்? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதினோம். ‘நான் அறிவற்றவன்’ என்று அவன் முதலில் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இவற்றை எழுதினோம். அறிவற்றவன் என்பதற்கு மருந்து இல்லை. இவற்றுக்கு உண்டு.

“அந்த நான்காண்டில் உனக்குப் பிடித்திருந்தது எது?” என்று கேட்டேன். முகம் மாறிற்று. உடலியங்கியல் செய்முறை வகுப்பில் மாணவர்கள் தங்கள் விரலையே குத்தி, ஒரு துளி இரத்தம் எடுத்து, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் இட்டு, நுண்ணோக்கி வழியே அணுக்களை எண்ணுவார்களாம். அதைச் சொல்லும்போது அரைமணி நேரம் பேசினான். எண்ணிக்கை சரியாக வராத தோழர்களுக்கெல்லாம் இவன்தான் எண்ணிக் கொடுப்பானாம். அன்றுதான் எங்களுக்கு வழி புலப்பட்டது. மருத்துவ ஆய்வக நுட்பத்தில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. நோய் இன்னதென்று மருத்துவர் முடிவு செய்வதற்குமுன் ஒருவர் அந்த இரத்தத்தைச் சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டுமன்றோ? 2025ஆம் ஆண்டில் விண்ணப்பித்தான். முன்பு எங்கே படித்தாய், ஏன் நின்றாய் என்று கேட்டார்கள். உள்ளதை இரண்டு வாக்கியத்தில் சொன்னான். சேர்த்துக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் நடுவே இருபத்திரண்டு வயதில் உட்கார்ந்திருப்பது எளிதன்று. அவனோடு சேர்ந்தவர்கள் மருத்துவராகும் காலம் இது. அவர்களுள் எவரையேனும் தெருவில் கண்டால் இன்றும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். பயிற்சிக்காக மருத்துவமனைக்குச் சென்றபோது, பழைய வகுப்புத் தோழி ஒருத்தி இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ஆய்வகத்துக்கு வந்தாளாம். இருவரும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார்கள். பிறகு அவள், “அணுக்களை நீதானே எண்ணினாய்? அப்படியானால் மறுபடி பார்க்க வேண்டியதில்லை” என்று சொல்லிவிட்டுப் போனாளாம். இதை என்னிடம் சொல்ல அவனுக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஊரார் மூன்று மாதம் பேசினர். பிறகு கோயில் குடமுழுக்கு வந்தது. பேச்சு அதற்குப் போய்விட்டது.

அந்தப் பதாகையைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் வந்து நின்ற இரவுக்கு மறுநாளே, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் நானே போய் அவிழ்த்து, சுருட்டி, என் வீட்டுப் பரணில் போட்டு வைத்தேன். எரிக்க மனம் வரவில்லை. சென்ற மாதம் அவனுடைய தந்தையார் வந்தார். ஊருக்கு வெளியே ஒரு வீடு கட்டுகிறார். மழை வரும்போல் இருக்கிறது, சிமெண்டு மூட்டை நனையாமல் மூட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். நான் தயங்கினேன். அவர் பரணை அண்ணாந்து பார்த்து, “அதைத்தான் கேட்கிறேன், ஐயா. நல்ல கெட்டித் துணி. பையனிடமும் கேட்டுவிட்டேன், கொடுக்கச் சொன்னான்” என்றார். இறக்கிக் கொடுத்தேன். இப்போது அந்தப் பக்கம் நடந்து போகும்போதெல்லாம் பார்க்கிறேன். எழுத்து உள்பக்கம் வருமாறு மடித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருக்கிறார்.